இட்லரு தோட்டம்

19 ஜனவரி 2025
வடக்கு ஜெர்மனி

மதினிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்துவிட்டீர்கள். உங்கள் தம்பி நாகராஜிடம் கேட்டால், "அக்கா பேச மாட்டேங்குது மாப்ள, எழுதுனா வாசிக்கும்" என்கிறான். அதனால்தான் தபால். டிப்ளமோ பரீட்சைக்குப் பிறகு நான் பேனா பிடித்து இவ்வளவு எழுதியதில்லை. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு அண்ணன் பெயரை வைக்கக் கூடாது.

போனில் இதைச் சொன்ன விதம் சரியில்லை. ஒப்புக்கொள்கிறேன். அண்ணன் போய் மூன்று மாதம் கழித்துப் பிறந்த பிள்ளை. நீங்கள் சந்தோஷமாக ஒரு வார்த்தை சொல்ல வந்தீர்கள், நான் "அந்தப் பேரா, வேண்டாம்" என்று விழுந்தேன். விதம்தான் தப்பு. விஷயம் தப்பில்லை.

அப்பா அண்ணனுக்கு ஹிட்லர் என்று வைத்தது எதையும் படித்துப் பார்த்து அல்ல. தாத்தா பர்மாவில் நேதாஜி படையில் இருந்தவர். வெள்ளைக்காரனை அலற வைத்தவன் யாரானாலும் நம்ம ஆள் என்பது அப்பாவின் கணக்கு. ஊர் வாய்க்குள் போய் அது இட்லரு ஆனது. தோட்டம் இட்லரு தோட்டம், பம்புசெட் இட்லரு பம்புசெட். அண்ணனே சிரிப்பார். ஊரை விட்டுக் கிளம்பும் வரை எனக்கும் அதில் ஒன்றும் உறைக்கவில்லை.

என் வேலை பற்றி உங்களுக்கு முழுசாகச் சொன்னதில்லை. கட்டிடங்களுக்குச் சூடேற்றுகிற, காற்றோட்டம் கொடுக்கிற இயந்திரங்களைப் பராமரிக்கிறேன். எங்கள் கம்பெனி பார்க்கிற இடங்களில் ஒன்று, அந்த ஆள் யூதர்களை அடைத்துச் சாகடித்த முகாம். இப்போது அது நினைவிடம். வாரத்தில் பாதி நாள் எனக்கு அங்கேதான்.

வேறு பெயர் வையுங்கள். எதுவானாலும் சரி. பிறப்புச் சான்றிதழில் ஏற்ற வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். அவசரம்.

சுருளிராஜன்


10 பிப்ரவரி 2025
காமயகவுண்டன்பட்டி

கொழுந்தனார் அவர்களுக்கு,

பாண்டீஸ்வரி எழுதுவது. தோட்டத்தில் திராட்சைக்குக் கவாத்து வெட்டு நடக்கிறது. ஆட்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. வெளிநாட்டு ஸ்டாம்பைப் பார்த்துப் பிள்ளைக்கு ஏதோ ஆசீர்வாதம் அனுப்பியிருக்கிறீர்கள் என்று ஈரக் கையோடு பிரித்தேன்.

அவசரம் என்று முடித்திருந்தீர்கள். கம்பம்மெட்டு வளைவில் ஏலத்தோட்ட ஜீப் மோதி, உங்கள் அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோமே, அன்றைக்கு அவசரம் தெரியவில்லை. பெர்மிட் தாள் கைக்கு வரவில்லை, கிளம்பினால் திரும்ப முடியாது என்றீர்கள். நான் ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. முப்பதாம் நாள் பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்க வேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சித்தப்பன்தான் காதில் பெயர் சொல்ல வேண்டும் என்று, நீங்கள் வருகிற வரைக்கும் தள்ளி வைத்தேன். நீங்கள் என்னடாவென்றால் எந்தப் பெயர் கூடாது என்று தபாலில் அனுப்புகிறீர்கள்.

நானும் பத்தாம் வகுப்பில் அந்த ஆளைப் பற்றிப் படித்தவள்தான். அவன் வேறு. நம்ம ஊரில் அந்தப் பெயருக்கு அர்த்தம் உங்கள் அண்ணன். பந்தலில் சாரைப்பாம்பு ஏறினால் வேலையை நிறுத்தி, அதுவாக இறங்கிப் போகிற வரைக்கும் எல்லாரையும் வரப்பில் உட்கார வைத்த ஆள். "பேரப் பாரு, ஆளப் பாரு" என்று கூலிக்கு வந்த பெண்கள் கெக்கலித்தார்கள். அவுகளும் சேர்ந்து சிரித்தார்கள். டவுன் பஸ்ஸில் ஏறி அவுக பெயரைச் சொன்னால் கண்டக்டர் தோட்டத்து வாசலில் இறக்கிவிடுகிறார். செத்த அன்றைக்கு ஊரே அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழுதது. அந்த மீசைக்காரனுக்காகவா அழுதார்கள்?

எங்கேயோ எவனோ செய்த பாவத்துக்கு என் பிள்ளை ஏன் அப்பா பெயரை இழக்க வேண்டும்?

பிள்ளை உங்கள் அண்ணன் மாதிரியே கையைக் காதுக்கு அணை கொடுத்துத் தூங்குகிறான். எப்படி இருக்கிறான் என்று நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்லிவிட்டேன்.

பா.


3 மார்ச் 2025

மதினிக்கு,

பிள்ளையைப் பற்றிக் கேட்காதது தப்பு. வாசித்ததும் வெட்கமாக இருந்தது. எடை ஏறுகிறானா? தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்றா?

எவனோ செய்த பாவம் என்று எழுதியிருந்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு முதல் நாள் வேலைக்குப் போனேன். அதனால் பார்த்ததை எழுதிவிடுகிறேன். அலங்காரம் பண்ண எனக்கு வராது.

நினைவிடத்தில் பொருட்களை வைத்திருக்கிற அறை ஒன்று இருக்கிறது. அங்கே காற்றில் ஈரம் ஏறினால் துணிகளில் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தை அளவாக வைப்பது என் வேலை. ஒரு நாள் இழுப்பறையில் கரண்டிகளைப் பார்த்தேன். அலுமினியக் கரண்டிகள். கைப்பிடியில் ஆணியால் பெயர் கீறியிருந்தார்கள், நம் ஊரில் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மாதிரி. எதற்கு என்று கேட்டேன். முகாமுக்குள் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான், அதனால் கரண்டியிலாவது எழுதி வைத்துக்கொண்டார்கள் என்றார் அங்கே வேலை பார்க்கிற பெண். கரண்டி தொலைந்தால் கஞ்சியும் இல்லை. செத்தவர் கையிலிருந்து எடுத்ததில் பழைய பெயரை அழித்துப் புதுப் பெயர் கீறியிருக்கிறார்கள். அழித்த பெயர் அடியில் தெரிகிறது.

அவர்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. யூதராகப் பிறந்தார்கள், அவ்வளவுதான். கிழவர், பெண்கள், கைப்பிள்ளைகள் எல்லாரும். விடியற்காலையில் பனியில் நிற்க வைத்து எண்ணுவார்கள். எண்ணிக்கை இடித்தால் மறுபடி முதலிலிருந்து. நின்றபடியே செத்து விழுந்தவர்களையும் கணக்கில் சேர்த்தால்தான் சரியாக வரும்.

எனக்குப் பொறுக்காதது வேறொன்று. சுவரில் ஒரு வரைபடத்தின் நகல் மாட்டியிருக்கிறது. வேறொரு முகாமில் மனிதர்களை விஷக்காற்று வைத்துக் கொன்ற அறைக்கானது. காற்று எந்த வழியாக உள்ளே வர வேண்டும், எந்த வழியாக வெளியேற வேண்டும், விசிறி எவ்வளவு பெரியது. நான் தினமும் பார்க்கிற மாதிரி வரைபடம். சுத்தமான கோடு. ஓரத்தில் வரைந்தவன் கையெழுத்து. என் படிப்புப் படித்த ஒருவன் உட்கார்ந்து, நேரத்துக்கு டீ குடித்து, இதை வரைந்திருக்கிறான். ஒருவன் தனியாகச் செய்த பாவம் இல்லை, மதினி. அந்த ஒருவன் பெயரைச் சொல்லிக்கொண்டு அத்தனை பேரும் செய்தார்கள்.

பிள்ளை வளர்ந்து என்னை மாதிரி எங்காவது போவான். அங்கே நின்று தன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். எதிரில் இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று யோசியுங்கள்.

சுருளிராஜன்


27 மார்ச் 2025

கொழுந்தனாருக்கு,

வாசித்தேன். அந்தக் கரண்டிகள் கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பால் சுரப்பது குறைந்து பிள்ளை அழுதான். இனி இப்படி எழுதும்போது நான் பால் கொடுக்கிறவள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவுக பெயரை நான் வாயால் சொன்னது கிடையாது. எங்கள் அம்மாவின் கட்டளை, சொன்னால் அவுக ஆயுசு குறையும் என்று. படித்தவள் இதையெல்லாம் நம்புகிறாயா என்று அவுகளே கேலி செய்வார்கள். "ஒரே ஒரு தடவ சொல்லு, திராட்ச வித்த காசெல்லாம் ஒனக்கு" என்று தோட்டத்தில் வைத்து வம்புக்கு இழுப்பார்கள். சிரித்துக்கொண்டே ஓடிவிடுவேன்.

அன்றைக்குத் தேனி ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே ஓடுகிறோம். நர்ஸ் பேஷன்ட் பெயர் என்ன என்று கேட்கிறாள். என் வாய் திறக்கவில்லை. அவள் மறுபடி கேட்கிறாள், அதட்டுகிறாள். உயிர் ஊசலாடுகிற நேரத்தில் நானே சொல்லிக் குறைத்துவிடுவேனோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நாகராஜ் வண்டியை நிறுத்திவிட்டு வந்துதான் சொன்னான்.

சொல்லாமல் இருந்தும் போய்விட்டார்கள். இனிமேல் யார் ஆயுசைக் காக்க நான் வாயைக் கட்ட வேண்டும்? பிள்ளைக்கு வைத்துவிட்டால் விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரைக்கும் சொல்லலாம். சாப்பிடக் கூப்பிடலாம், திட்டலாம், தெருமுனை வரைக்கும் கேட்கக் கத்தலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நீங்கள் எழுதிய அத்தனை பேருக்காகவும் நான் வருத்தப்படுகிறேன். ஆனால் என் வாயில் இருப்பது என் புருஷன் பெயர்.

வைகாசி முதல் ஞாயிறு பெயர் வைக்கிறோம். நீங்கள் வந்தால் நீங்கள் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தாய்மாமன் நாகராஜ் சொல்வான்.

பா.


24 ஏப்ரல் 2025

மதினிக்கு,

என்னால் வர முடியாது, லீவு கிடைக்கவில்லை. நாகராஜே சொல்லட்டும். எந்தப் பெயர் என்று நான் இனிமேல் வாதாட மாட்டேன். காரணத்தை எழுதுகிறேன். எழுதுவதற்கு எனக்கே பிடிக்கவில்லை.

இந்த மாதம் முகாம் விடுதலையான எண்பதாவது ஆண்டு. தப்பிப் பிழைத்தவர்களில் உயிரோடு இருக்கிற சிலர் வந்திருந்தார்கள். ஃப்ரீடா என்ற அம்மாள் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினார். சூடேற்றும் இயந்திரத்தின் இரைச்சலில் அவர் குரல் கேட்கவில்லை என்று என்னை அணைக்கச் சொன்னார்கள். அணைத்துவிட்டு சுவிட்சுப் பெட்டி பக்கத்திலேயே நின்றேன். அதனால் முழுவதும் கேட்டுவிட்டேன்.

எட்டு வயதில் அம்மாவோடு ஹாலந்திலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். அப்பாவை வேறு ரயிலில் ஏற்றிவிட்டார்கள். தினமும் இருட்டியதும் அம்மா இவரைச் சொந்தக்காரர்கள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்ல வைப்பாராம். தாத்தா, பாட்டி, அத்தைமார், பெரியப்பா மக்கள். "நான் இல்லாமல் போனால் உன்னை யாரிடம் சேர்ப்பது என்று கேட்பார்கள், திணறாமல் சொல்ல வேண்டும்" என்பாராம். கடைசியில் இங்கிலீஷ் பட்டாளம் வந்து கதவைத் திறந்தது. சிப்பாய்கள் பரிதாபப்பட்டுக் கையில் இருந்த இறைச்சி டப்பாக்களை உடைத்துக் கொடுத்தார்கள். காய்ந்து கிடந்த குடல் அந்தக் கொழுப்பைத் தாங்கவில்லை. விடுதலையான பிறகு சாப்பிட்டுச் செத்தவர்களில் அவர் அம்மாவும் ஒருவர். இவர் விஷக்காய்ச்சலில் வாய் திறக்க முடியாமல் கிடந்ததால் பிழைத்தார். கொடுத்தவர்கள் நல்லவர்கள், தெரியாமல் கொடுத்தார்கள் என்றார். அந்த வரிசையில் இருந்த யாரும் அவரைக் கூட்டிப் போக வரவில்லை. ஒருவரும் மிஞ்சவில்லை.

கூட்டம் முடிந்ததும் ஃப்ரீடா, குளிருகிறது, இயந்திரத்தைப் போடு என்று என்னைக் கூப்பிட்டார். என் சட்டையில் ராக்கையா என்று எழுதியிருக்கும். இங்கே பாஸ்போர்ட்டில் இருக்கிற அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். எல்லாருக்கும் நான் ராக்கையா. என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ராக்கையா, வீட்டில் யார் யார் என்று கேட்டார். அண்ணன் இருந்தார், செத்துவிட்டார் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார். இன்றைக்கும் தினம் இருட்டியதும் அந்த வரிசையைச் சொல்கிறாராம். பிறகு இறந்தவர்களையும் ஒவ்வொருவராகச் சேர்த்திருக்கிறார். "பெயரைச் சொல். வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி, வரிசையில் சேர்த்துச் சொல்கிறேன்" என்றார்.

வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்த வரிசையில், அவர் அம்மா பெயருக்குப் பின்னால், அந்தப் பெயரை எப்படிக் கொண்டுபோய் வைப்பது? அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுருளிராஜன் என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

வாய்க்கு வரும் வரை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு வரிசையை முணுமுணுத்தார். கடைசியில் என் பெயர் வந்தது. நான் இயந்திரத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அண்ணன் பெயரை என் வாயால் சொல்ல முடியாமல் போய்விட்டது, மதினி. அவர் யாருக்கு என்ன செய்தார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் வழக்கத்திலும் செத்தவர் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்களாம். ஃப்ரீடாவின் மகளுக்கு அவர் அம்மா பெயர். இதை எழுதாமல் விட்டிருந்தால் என் பக்கம் பலமாக இருந்திருக்கும். விட முடியவில்லை. நீங்கள் நினைத்ததைச் செய்யுங்கள்.

சுருளிராஜன்


19 மே 2025

சுருளித் தம்பிக்கு,

புத்தி கித்தி இருக்கா உங்களுக்கு? உசுரோட இருக்கிற ஆளு, உங்க பேருக்கே விளக்கேத்தச் சொல்லிட்டு வந்திருக்கீகளே. அதுவும் அத்தனை பேரு பட்டினியில செத்த வரிசையில. ஒருத்தரைத் தூக்கிக் கொடுத்து வருஷம் திரும்பாத வீடு இது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

கடிதம் வந்தபோது வீரபாண்டியில் கௌமாரியம்மன் திருவிழா. பிள்ளையை எங்கள் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். முந்தானையை விரித்து வீடு வீடாக மடிப்பிச்சை கேட்டேன். நம்ம தெருவில் யாரிடமும் கை நீட்டாத நான், முகம் தெரியாத வாசல்களில் நின்றேன். கிடைத்த அரிசியை அவள் வாசலில் கொட்டி, "எம்புள்ளைய உன் பிச்சையா பேரு வச்சுக்கிறேன், அந்த வரிசையில இருக்கிற எங்க வீட்டாள விட்டுரு" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

கேட்டது கேட்டதுதான். நேற்றுப் பெயர் வைத்தாயிற்று. பிச்சைமணி. நாகராஜ் மூன்று தடவை காதில் சொன்னான். சொல்லிவிட்டு, "இந்தக் காலத்துல யாருக்கா பிச்சைன்னு வைக்கிறா, பள்ளிக்கூடத்துல ஓட்டுவானுக" என்று முனகினான். இவன் அப்பாவை ஓட்டாததா என்றேன்.

நீங்கள் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். நீங்கள் எழுதிய எதற்கும் நான் மாறியிருக்க மாட்டேன். சம்பந்தம் பேச வந்த இடத்தில் எங்கள் அப்பா முகத்துக்கு நேராக, காபியில் சர்க்கரை இல்லை என்று சொன்ன வாய் உங்களுடையது. அந்த வாயில் உங்கள் அண்ணன் பெயர் வரவில்லை, அதைச் சொல்வதைவிட நீங்களே செத்தவராக ஆகிவிட்டீர்கள் என்றால், அந்த இடத்தில் அது எப்படிப்பட்ட பெயர் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நேற்றுத் தொட்டிலைச் சுற்றி எல்லாரும் பிச்சைமணி, பிச்சைமணி என்று கொஞ்சினார்கள். நானும் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். எனக்கு ஆறவில்லை. எழுந்துபோய் மோட்டார் அறையில் உட்கார்ந்திருந்தேன். இனிமேல் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு ஆள் கிடையாது.

இனிஷியல் பற்றி நாகராஜ் ஒரு பேச்சு எடுத்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர் என்று நீங்கள் எழுதியதைச் சொல்லியிருந்தேன். அப்படியானால் வெளிநாட்டில் இவனை அந்தப் பெயரால்தானே கூப்பிடுவார்கள், அம்மா இனிஷியலைப் போடலாம், சட்டம் இருக்கிறது என்கிறான். போட மாட்டேன். என் பிள்ளை ஹி. பிச்சைமணி. ஊரெல்லாம் சொன்ன பெயரில் எனக்கு மிஞ்சியது அந்த ஓர் எழுத்து. அதையும் எடுக்கச் சொல்லி எழுதினீர்கள் என்றால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

அந்த அம்மாவிடம் உடனே சொல்லி உங்கள் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். உண்மையைச் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பிட்டுச் செத்தார்களே அவர் அம்மா, பெயர் என்ன? எழுதுங்கள்.

பாண்டீஸ்வரி


8 ஜூன் 2025

மதினிக்கு,

அவர் அம்மா பெயர் கிளாரா.

போன் போட்டேன். ஹாலந்தில் மகள் வீட்டில் இருக்கிறார். சொன்னது என் பெயர், அண்ணன் பெயர் வேறு என்றேன். எதற்குப் பொய் என்று கேட்டார். அண்ணன் பெயரைச் சொன்னேன். இந்தத் தடவை வாயில் வந்தது.

லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ என்றேன். இருக்கிறேன் என்றார். யார் வைத்த பெயர் என்று கேட்டார். அப்பா வைத்தது, தெரியாமல் வைத்துவிட்டார் என்றேன். தெரியாமல், என்று அவரும் ஒரு தடவை சொன்னார். கோபமா என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை. உன் பெயரை எடுத்துவிடுகிறேன் என்றார். "அந்தப் பெயரை நான் சொல்ல மாட்டேன். கேட்காதே" என்றார். நான் கேட்கவில்லை. வைத்துவிட்டார்.

அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். நேற்று அவர் மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. ஜன்னல் ஓரம், கண்ணாடித் தம்ளருக்குள் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு. கிழவியின் கோணல் எழுத்தில், ராக்கையாவின் அண்ணனுக்கு என்று மட்டும் எழுதியிருக்கிறது.

ராக்கையா நம்ம அப்பா பெயர், அப்பாவுக்கு அண்ணன் கிடையாது. நான் திருத்தப் போகவில்லை. படத்தை அச்சுப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

சுருளிராஜன்